ஒரு சாவுக்கு மூன்று ஊற்று

சிட்னி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். என்னிடம் அவர் கேட்பதில்லை. கனகாலமாக வெள்ளிக்கிழமைகளில் என்னைக் காண்கிறவர். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் அவருக்கு மனப்பாடம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், அதன்பிறகு ஜெர்மனியில் இருக்கிற என் சின்னத் தம்பி, அவிட்ட நட்சத்திரம். கடைசியாக என் பெரிய தம்பி, பூச நட்சத்திரம். அந்தக் கடைசிப் பெயரை ஐயர் சொல்லும்போது நான் நன்றாக நிமிர்ந்து நிற்பேன். பின்னால் நிற்கிற எங்கள் ஊர்ச் சனங்களில் ஒன்றிரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பார்க்கட்டும் என்று நிற்பேன்.

அவர்கள் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருக்கிறவர்களுக்கு. செத்தவருக்கு நட்சத்திரம் கிடையாது, திதிதான். செத்த நாளின் திதியைப் பிடித்து வருசா வருசம் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். ஒரு மனிதருக்கு ஒன்றில் அது இருக்கும், இல்லாவிட்டால் இது இருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்காது. என் பெரிய தம்பியோ போன இடம் தெரியாதவன்.

அவன் லொறி ஓட்டினவன். வெங்காயம் ஏற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனான். சண்டைக் காலம். போனவன் திரும்பவில்லை, லொறியும் திரும்பவில்லை. பிறகு மூன்று பேர் மூன்று கதையோடு வீட்டுக்கு வந்தார்கள். காட்டு ரோட்டில் எரிந்து கிடந்த லொறி அவனுடையதுதான் என்றார் ஒருவர். இல்லை, மறித்து இறக்கின ஆட்களோடு அவனும் வரிசையில் நின்றதைக் கண்டேன் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் மன்னார்ப் பக்கத்துப் புடவை வியாபாரி. அவன் இந்தியாவுக்குப் போகிற வள்ளத்தில் ஏறினதைத் தன் கண்ணால் கண்டதாகக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். மூன்று இடத்துக்கும் ஆள் விட்டோம். ஓரிடத்திலும் ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. அம்மா அந்தப் புடவை வியாபாரியின் சொல்லைப் பிடித்துக்கொண்டு மிச்ச வாழ்நாளை ஓட்டினார்.

அம்மா கண் மூடியது இங்கே, கிரவீனில், என் மகன் வீட்டில். கடைசியாகச் சொன்னது எனக்குத்தான். "அவனுக்குத் தண்ணி இறைக்க ஒருத்தரையும் விட்டிடாதை. அவன் வருவான்." நான் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். பெரிதாகப் பெருமைப்பட என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் கொடுத்த சொல்லைக் காப்பாற்றாமல் விட்டதில்லை. அது ஒன்று இருக்கிறது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு சின்னவன் ஜெர்மனியில் இருந்து போன் எடுத்தான். "அக்கா, இனி அவன்ரை காரியத்தையும் செய்துவிடுவம்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். ஒரு வருசம் அவனோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தோம், மழை வெயில் கதைத்தோம், விலைவாசி கதைத்தோம். பெரியவனை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

இப்படி இருக்கையில்தான் சின்னவனுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அவன் போன் எடுத்தான். "அக்கா, அதுக்கு முன்னம் ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்." நான் உடனே ஓம் என்றேன். "ஆனா அந்தக் கதை எடுக்கக் கூடாது" என்றும் சொன்னேன். எந்தக் கதை என்று அவன் கேட்கவில்லை.

மகன் டிக்கெட்டோடு வீல்செயரும் சொல்லி வைத்திருந்தான். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. தாய் தகப்பனுக்குக் கால் ஏலாது என்றல்ல, பாசை தெரியாமல் விமானம் மாறுகிற இடத்தில் தொலைந்து போகாமல் இருக்க. எனக்கு அது பிடிக்கவில்லை. தள்ளுகிற பிள்ளையின் மனதையும் நோகடிக்கக் கூடாது. என் கைப்பையை வீல்செயரில் இருத்திவிட்டு நான் பக்கத்தில் நடந்து போனேன். பிராங்க்பர்ட்டில் வெளியே வந்தபோது சின்னவன் அதைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு முந்தின சிரிப்புத்தான். ஆள்தான் பாதியாகிப் போயிருந்தான். சேட்டுக்குள் தோள் இரண்டும் உடுப்புக் கொழுவுகிற தடிபோலத் தெரிந்தன.

நான் போனது ஆடி மாதம். சிட்னியில் குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையை அங்கே கழற்றி வைக்க வேண்டியதாயிற்று. ஆடி அமாவாசைக்குச் சில நாள்தான் இருந்தது. ஏன் இந்த மாதத்தில் கூப்பிட்டான் என்று எனக்கு விளங்காமல் இல்லை. அவன் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

ஒரு காலையில் மச்சாள், சின்னவனின் மனைவி, சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். பாண் துண்டுகளுக்குள் கத்தரிக்காய்ப் பிரட்டலும் முட்டைப் பொரியலும். சின்னவனுக்கு மட்டும் உப்பில்லாமல் வேறு பெட்டி. "எங்கை பயணம்?" என்று கேட்டேன்.

"இஞ்சை ஒரு கதை ரோட்டு இருக்கு மச்சாள். பழைய காலத்துக் கதை ஒண்டு நடந்த இடமெல்லாத்தையும் தொடுத்து ரோட்டுப் போட்டு வைச்சிருக்கினம். மலையும் காடுமா வடிவாயிருக்கும். இவருக்கும் காத்துப் படட்டும்."

கார் ஓட்டியது மச்சாள். சின்னவனை ஓட்டக் கூடாது என்று டொக்டர் மறித்திருந்தார். அவன் முன் சீட்டில் இருந்துகொண்டு ஓட்டாமல் ஓட்டினான்.

"பிரேக்கைப் பிடியும்."

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"லொறி வருது."

"லொறி அவன்ரை பக்கத்திலை வாறான். நீங்கள் கண்ணை மூடுங்கோ, நான் கொண்டு போய்ச் சேர்க்கிறன்."

பெரிய ஆறு ஒன்றைக் கடந்தோம். வைன் பிழிகிற முந்திரிகைக் கொடித் தோட்டங்கள் சரிவில் நிரை நிரையாக நின்றன. பிறகு ரோட்டு மலைக்குள் வளைந்து ஏறியது. சந்திக்குச் சந்தி மண்ணிறப் பலகை. அதில் எழுதியிருப்பது அந்தக் கதை ரோட்டின் பெயர் என்றான் சின்னவன். மரச் சட்டம் போட்ட வீடுகள், சன்னல்களில் சிவப்புப் பூச்சாடிகள். பிறகு காடு. எங்கள் சிட்னி மலைக்காட்டுக்குள் போனால் யூக்கலிப்டஸ் வாசம் மூக்கில் ஏறும், வெளிச்சமும் இறங்கும். இந்தக் காடு வேறு மாதிரி. பகல் பத்து மணிக்கே உள்ளே பின்னேரம்போல இருந்தது.

மச்சாள் வயோதிபர் மடம் ஒன்றில் வேலை செய்கிறவள். அங்கே இருக்கிற கிழவிகள் சொன்னதென்று அந்தக் கதையை எனக்குச் சொன்னாள். ஒரு வீரன். பறக்கிற பெரிய பாம்பு மாதிரி ஒரு மிருகத்தைக் கொன்று அதன் இரத்தத்தில் குளித்தான். இரத்தம் பட்ட தோல் எல்லாம் கொம்புபோல இறுகிவிட்டது. வெட்டினாலும் குத்தினாலும் ஒன்றும் செய்யாது. குளிக்கும்போது மரத்திலிருந்து ஒரு இலை விழுந்து முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், ஒட்டிக்கொண்டது. அந்த இலை அளவுக்கு மட்டும் இரத்தம் படவில்லை. சின்ன வயதில் நான் பார்த்த கூத்திலும் ஒருவனுக்குத் தொடையில் அப்படி ஒரு இடம் தப்பியிருந்தது. எந்தத் தேசத்திலும் ஒரு இடம் தப்பித்தான் போகிறது.

"பிறகு?"

"பிறகென்ன, பெண்சாதிக்குத் தெரியும் அந்த இடம். சொந்தக்காரன் ஒருத்தன் வந்து, சண்டையிலை நான் அவரைப் பாதுகாக்கிறன், இடம் எது எண்டு சொல்லு எண்டு கேட்டான். அவள் நம்பி, சட்டையிலை அந்த இடத்திலை ஒரு சிலுவை தைச்சு விட்டாள். பிறகு எல்லாருமா வேட்டைக்குப் போனவை. இவன் தண்ணி விடாயிலை ஒரு ஊத்திலை குனிஞ்சு குடிச்சான். அந்தச் சொந்தக்காரன் பின்னாலை நிண்டு, தையலைப் பார்த்து ஈட்டியாலை குத்தினான்."

"அவளைக் குறை சொல்லேலாது. காப்பாத்தத்தானே தைச்சவள்" என்றேன் நான்.

"அங்கை ஒரு கிழவி அவளை இண்டைக்கும் திட்டும் மச்சாள். வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம் எண்டு."

முதலாவது ஊற்று ஒரு ஊரின் கரையில் இருந்தது. கல்லால் கட்டி, குழாய் வைத்து, பக்கத்தில் ஒரு கல்லும் நட்டிருந்தார்கள். கல்லடியில் யாரோ காட்டுப் பூப் பறித்து வைத்திருந்தார்கள். பலகையைச் சின்னவன் வாசித்துச் சொன்னான்: அந்த வீரனைக் குத்தியது இங்கேதான். மச்சாள் போத்தலில் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் மறித்தேன். சாவு நடந்த இடத்துத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது. "எத்தினை நூறு வருசத்துக் கதை மச்சாள்" என்றாள். எத்தனை வருசமானால் என்ன. அவள் போத்தலை வைத்துவிட்டாள்.

மத்தியானம் ரோட்டோரத்தில் ஒரு மேசையும் இருக்க நீள வாங்கும் போட்டிருந்த இடத்தில் சாப்பிட நிறுத்தினோம். பெரிய மரம் ஒன்று, இருதய வடிவத்தில் இலை. நான் பாணைக் கையில் எடுத்தபோது மரத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அங்கேயும் ஒரு ஊற்று. அங்கேயும் ஒரு கல். கல்லடியில் பூ. "உதென்ன?" என்றேன். சின்னவன் போய் வாசித்துவிட்டு வந்து, சொல்லாமல் நின்றான்.

"என்னடா எழுதியிருக்கு?"

"அந்த வீரனைக் குத்தினது இஞ்சைதான் எண்டு எழுதியிருக்கு அக்கா."

"அப்ப காலமை பார்த்தது?"

"அது அந்த ஊர்க்காரர் சொல்லுறது. இன்னொண்டும் இருக்கு, மேலை காட்டுக்குள்ளை. அவையளும் தங்கடைதான் எண்டு சொல்லுவினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பகிடி இது? செத்தவன் ஒருத்தன், செத்த இடம் மூண்டோ?"

சொல்லி முடித்த பிறகுதான் ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டேன். மச்சாள் பாணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்து போயிற்று. காட்டு ரோட்டு, மறித்து இறக்கின வரிசை, மன்னார் வள்ளம். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு அங்கே போய்விட்டது.

ஒரு லொறி இரைந்துகொண்டு போனது. அது போன பிறகு சின்னவன் மெல்லச் சொன்னான். "அக்கா, கோவிக்காதேங்கோ. நான் அவனுக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டுதான் வாறன்."

"ஆருக்கு?"

"பெரியண்ணைக்கு. அம்மா செத்த அடுத்த வருசம் துவங்கினனான். ஆடி அமாவாசைக்கு எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஓடுற ஆத்திலை, வேலைக்குப் போக முதல், எள்ளைக் கொண்டு போய் இறைச்சுப்போட்டு வருவன். ஒரு வருசமும் விட்டதில்லை."

என் கையில் இருந்த பாணை மேசையில் வைத்தேன்.

"எடேய், உயிரோடை இருக்கிறவனுக்கோ எள்ளுத் தண்ணி இறைச்சனி? நான் அங்கை வெள்ளிக்கு வெள்ளி அவனுக்கு ஆயுசு கேட்டுக்கொண்டு நிக்கிறன். நீ இஞ்சை இருந்து அவனைச் சாக்காட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய். அந்த முருகன் ஆரின்ரை சொல்லைக் கேக்கிறது?"

"ரெண்டு பேரும் ஒருநாள் மனம் விட்டுக் கதைச்சிருந்தா அந்தாளுக்கும் குழப்பம் வந்திராது" என்றாள் மச்சாள்.

"நீர் சும்மா இரும்" என்றோம் நானும் அவனும் ஒரே வாயில்.

சின்னவன் எனக்கு எதிரே வந்து இருந்தான். மூச்சு வாங்கினான். "அக்கா, கிட்டடியிலை என்ரை நெஞ்சைத் திறக்கப் போறாங்கள். எழும்பினா எழும்பினன். எழும்பாட்டி எனக்கு இவ இருக்கிறா, பிள்ளை இருக்கு. ரெண்டு பேரும் என்ரை திதியைப் பாப்பினம். அவனுக்கு ஆர் இருக்கினம்? நான் நிப்பாட்டினா அவன் தண்ணியில்லாமல் நிப்பான். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான். உங்கடை மகனிட்டைச் சொல்லிச் செய்விக்க மாட்டியளே?"

"நான் அம்மாவுக்குச் சொல்லுக் குடுத்தனான்."

"அம்மா சொன்னது அவன் வருவான் எண்டு. வந்தானே?"

நான் மேசையில் சிந்தின பாண் துகளைத் தட்டிவிட்டேன்.

"உங்களுக்கு அவன் வேணுமெண்டு இல்லை அக்கா" என்றான். "குடுத்த சொல்லுத்தான் வேணும்."

என் தம்பி. எழுந்து நடக்கத் தொடங்கின காலத்தில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். அவன் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னான். நான் எழுந்து காரில் போய் ஏறினேன். சாப்பிடவில்லை. மச்சாள் பாணைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அதையும் நான் தொடவில்லை.

வீட்டுக்குத் திருப்பச் சொல்லுவான் என்று நினைத்தேன். மச்சாள் திருப்பவில்லை. மேலே காட்டுக்குத்தான் ஓட்டினாள். ஒரு வெட்டையில் காரை நிறுத்தி, "இதிலையிருந்து கொஞ்சம் நடக்க வேணும். நான் காரிலை இருக்கிறன், எனக்குக் கால் உளையுது" என்றாள். அவளுக்குக் கால் உளையவில்லை. நாள் முழுக்கக் கிழவிகளைத் தூக்கி இருத்துகிறவள்.

நான் சின்னவனுக்குக் காத்திராமல் முன்னால் நடந்தேன். ஒற்றையடிப் பாதை, நிலம் முழுக்கப் பழைய சருகு. ஒரு குருவியின் சத்தம்கூட இல்லை. பின்னால் அவன் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்று மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு மறுபடி நடக்கிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிற்க வேண்டி வரும் என்று பார்க்கவில்லை.

நடக்க நடக்க அவன் சொன்ன சொல்லே காதுக்குள் நின்றது. பொய்க்கு எனக்குக் கோபம் வராது. இது பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பெரியவனின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வந்தது கோயிலில் நிமிர்ந்து நிற்கிற என் முகம்தான். அவன் எந்தப் பக்கம் தலை வகிடு எடுப்பான் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. அவன் நட்சத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். அவன் நழுவிப் போய்விட்டான்.

ஊற்றைக் கண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை. பாசி பிடித்த கல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, சின்னக் குழியில் நிரம்பி, சருகுக்குள் வழிந்து போனது. பக்கத்தில் ஒரு கற்சிலுவை. அதனடியிலும் பூ. வாடாத பூ. காலையில்தான் யாரோ வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். இந்த ஊர்க்காரருக்கும் தெரியும்தானே மற்ற இரண்டு ஊற்றுகளும் இருப்பது. தெரிந்துகொண்டுதான் தங்கள் ஊற்றுக்குப் பூக் கொண்டுவருகிறார்கள். அந்த வீரன் எங்கே செத்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. செத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எங்களுக்கு இடம் தெரியவில்லை என்பதற்காக நாங்கள் சாவையே இல்லை என்று வைத்திருந்தோம். அதை நான் அந்தச் சிலுவையடியில் நின்று யோசித்தேன். யோசிக்க விருப்பமில்லாமல்தான் யோசித்தேன்.

திரும்பியபோது சின்னவன் வந்துவிட்டான். என்னைப் பார்க்கவில்லை. நேரே ஊற்றடிக்குப் போய், கல்லைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்து, குனிந்து, கையால் தண்ணீர் அள்ளிக் குடித்தான். சாவு நடந்த தண்ணீர், குடியாதே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவன் முதுகு என் பக்கம் இருந்தது. சேட்டு வியர்வையில் ஒட்டி, இரண்டு தோள் எலும்புக்கும் நடுவே ஈரம் ஒரு இலை அளவுக்குத் தெரிந்தது. மூச்சுக்கு மூச்சு அந்த இடம் ஏறி இறங்கியது. எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. பின்னால் ஈட்டியோடு நின்றவன் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் என்றும் தோன்றியது.

போய் அந்த இடத்தில் என் உள்ளங்கையை வைத்தேன். கை அளவாக இருந்தது. அவன் குடிப்பதை நிறுத்தினான். எழும்பவும் இல்லை, திரும்பவும் இல்லை. கைக்குக் கீழே அவன் நெஞ்சு அடிக்கிறது தெரிந்தது. ஒழுங்கில்லாமல், விட்டு விட்டு அடித்தது.

"எள்ளு வாங்கி வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டேன்.

"வீட்டிலை இருக்கு."

"இஞ்சை வேண்டாம். இது ஆரின்ரையோ செத்த வீடு. அமாவாசையண்டு உன்ரை ஆத்துக்கே போவம். நானும் வாறன்."

அவன் தோள் இரண்டும் குலுங்கின. நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் போக, "அக்கா, முழங்கால் மரத்துப்போச்சு, தூக்கி விடுங்கோ" என்றான். தூக்கி விட்டேன். பாரம் இல்லை. திரும்பி வரும்போது நான் பின்னால் நடந்தேன். காருக்குள் மச்சாள் தாளில் சுற்றின பாணை எடுத்து நீட்டினாள். சாப்பிட்டேன். கத்தரிக்காயில் உப்புக் கூட என்று சொன்னேன். "அப்பாடா" என்றாள்.

ஆடி அமாவாசை விடியற்காலை மூன்று பேரும் அந்த ஆற்றங்கரைக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் சைக்கிள் பாதை, அதைத் தாண்டினால் புல், பிறகு தண்ணீர். ஒரு வெள்ளைக்காரன் நாயோடு ஓடிப் போனான். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். சின்னவன் நனைந்த புல்லில் காலை வைத்து இறங்கினான். மந்திரம் ஒன்றும் அவனுக்குத் தெரியாது. இவ்வளவு வருசமும் என்ன சொல்லி இறைத்தான் என்று கேட்டேன். "பேரைச் சொல்லுவன், வேறை என்ன" என்றான்.

"இண்டைக்கு நான் சொல்லுறன். நான்தான் மூத்தவள்" என்றேன்.

தண்ணீர் இறைப்பது ஆண்பிள்ளையின் வேலை என்பார்கள். அதை நான் தொடவில்லை. பெயரைச் சொல்ல யாரும் மறிக்க முடியாது. அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய மகன் என்று சொல்லி, பெரியவனின் முழுப் பெயரையும் சத்தமாகச் சொன்னேன். பெயர் வாயிலிருந்து போகும்போது, வகிடு இடப் பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. இடப் பக்கம்தான். நல்லெண்ணெய் வைத்து அழுத்தி வாரியிருப்பான். சின்னவன் கையிலிருந்த எள் தண்ணீரோடு இறங்கிப் போனது. அம்மாவுக்கு நான் மனதுக்குள் ஒன்று சொன்னேன். அது எனக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும்.

ஒப்பரேசன் முடியும்வரை நான் நின்றேன். மச்சாளும் நானும் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தோம். அவள் செபமாலை உருட்டுகிறவள்போல கை துடைக்கிற ரிசுத் தாள் ஒன்றைத் திரித்துத் திரித்துத் துகளாக்கினாள். அவன் கண் திறந்தான். நெஞ்சில் நெடுக ஒரு தையல் இருந்தது. "எனக்கும் அடையாளம் போட்டுட்டாங்கள் அக்கா" என்றான். "வாயை மூடு" என்றேன். அப்போது அழுதது நான்தான். கோபத்தில் அழுதேன் என்று அவன் நினைத்திருப்பான்.

சிட்னிக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை மகன் கோயிலில் இறக்கிவிட்டான். கூட்டம் இருந்தது. ஊர்ச் சனங்களும் நின்றார்கள். ஐயர் தட்டை வாங்கி, என்னைக் கண்டு சிரித்து, வழக்கம்போலத் தொடங்கினார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், அவிட்டம். அதன்பிறகு பெரியவன் பெயரின் முதல் எழுத்து அவர் வாயில் வந்துவிட்டது.

"அதை விடுங்கோ ஐயா" என்றேன்.

அவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். எத்தனை வருசம் அந்தப் பெயரைச் சொன்னவர் அவர். பின்னால் நின்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். நான் நிமிரவில்லை, குனியவும் இல்லை. அவர் மற்றத் தட்டை வாங்கக் கை நீட்டினார். அந்தப் பெயர் இருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயா, அவிட்டத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.

"இப்பதானே அம்மா சொன்னனான்?"

"ஓம். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவர் மணியை எடுத்து, சின்னவனின் பெயரையும் நட்சத்திரத்தையும் இரண்டாம் முறையும் ஆறுதலாகச் சொன்னார்.